வளரும் நாடுகளுக்கான அறிவியல் இதழியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தடுப்பூசி, குடிநீர், விதை, வெப்ப அலை என்று ஏழை நாடுகளின் அன்றாட வாழ்க்கையைத் தொடுகிற ஆராய்ச்சிகளைப் பற்றி எழுதுவதற்கென்றே, இலாபம் பார்க்காத செய்தி நிறுவனங்கள் சில உலகத்தில் இருக்கின்றன. அவை எப்படி நடக்கின்றன, யார் காசு கொடுக்கிறார்கள், அவற்றில் எழுத என்ன செய்ய வேண்டும் என்று இதழியல் மாணவர்களும் தொண்டு நிறுவனக்காரர்களும் ஆராய்ச்சியாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்களில் என் அபிப்பிராயமும் கலந்திருக்கிறது.

சாதாரண அறிவியல் செய்திக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கேட்கிற கேள்வியில்தான் வித்தியாசம். புதிதாக ஒரு மலேரியா தடுப்பூசி வந்தால், வழக்கமான அறிவியல் பக்கம் அது உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கும். வணிகப் பக்கம் கம்பெனியின் பங்கு விலையைப் பார்க்கும். இந்த வகை நிருபர் வேறு இடத்தில் தொடங்குவார். நாலு டோஸ் போட வேண்டிய ஊசி இது. நாலாவது தடவையும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வர அம்மாவுக்கு வழி இருக்கிறதா? கரண்ட் போனால் மருந்தை வைத்திருக்கும் குளிர்பெட்டி எத்தனை மணி நேரம் தாங்கும்? யார் விலை கொடுக்கிறார்கள், அந்த உதவி எந்த வருஷத்தோடு முடிகிறது?

ஆர்டிஎஸ்,எஸ் என்ற மலேரியா தடுப்பூசியை உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் பரிந்துரைத்தது. ஆர்21 என்ற இரண்டாவது ஊசியை 2023 அக்டோபரில் பரிந்துரைத்தது. இரண்டு முறையும் உலகம் முழுக்கப் பெரிய செய்தி. மேலே கேட்ட கேள்விகளுக்குப் பதில் கிடைப்பதோ அதற்கு அடுத்தடுத்த வருஷங்களில். அதற்குள் முதல் செய்தியை எழுதியவர்களில் முக்கால்வாசிப் பேர் வேறு விஷயத்துக்குப் போயிருப்பார்கள்.

யார் யார் இதைச் செய்கிறார்கள்?

இந்த வேலைக்கென்றே பிறந்தது சைடெவ்.நெட். 1999இல் புடாபெஸ்டில் நடந்த உலக அறிவியல் மாநாட்டை ஒட்டி வந்த யோசனை அது. ‘நேச்சர்’ இதழில் செய்தி ஆசிரியராக இருந்த டேவிட் டிக்சன் 2001 கடைசியில் லண்டனில் தொடங்கினார். 2017இல் சிஏபிஐ என்ற விவசாய ஆராய்ச்சி அமைப்போடு சேர்ந்தது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ், அரபி மொழிகளில் வருகிறது.

மற்றவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் வந்தவை. காடுகளைப் பற்றி எழுதும் மோங்காபே 1999இல் ரெட் பட்லர் என்ற தனி மனிதர் தொடங்கியது; 2012இல் இலாப நோக்கற்ற அமைப்பாக மாறி, அதே வருஷம் இந்தோனேசிய மொழியிலும் இறங்கியது. ‘தி நியூ ஹியூமனிடேரியன்’ 1995இல், ருவாண்டா இனப்படுகொலைக்குப் பிறகு, ஐரின் என்ற பெயரில் ஐநாவுக்குள்ளேயே தொடங்கப்பட்டது. 2015இல் வெளியே வந்தது. 2019இல் இந்தப் பெயரை வைத்துக்கொண்டது. இந்தியாவில் அனில் அகர்வால் 1980இல் தொடங்கிய அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்திலிருந்து ‘டவுன் டு எர்த்’ 1992 முதல் வருகிறது. கனடாவின் ஃபார்ம் ரேடியோ 1979 முதல் விவசாய வானொலி நிகழ்ச்சிகளுக்கு எழுத்துப்பிரதி அனுப்பிக்கொண்டிருக்கிறது. இணையத்தில் இல்லாதவர்களைச் சென்றடைகிறது என்பதால் இந்தப் பட்டியலில் நான் அதிகம் மதிப்பது அதைத்தான்.

2011இல் மெல்போர்னில் தொடங்கிய ‘தி கான்வர்சேஷன்’ கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே எழுதுவது பேராசிரியர்கள். பத்திரிகையாளர்கள் எடிட் மட்டும் செய்கிறார்கள். விளக்கம் சொல்வதற்கு அருமையான ஏற்பாடு. ஆனால் தன் துறையைப் பற்றி தானே எழுதுபவர் அந்தத் துறையின் ஓட்டைகளைத் தேடிப் போவார் என்று எதிர்பார்க்க முடியாது.

ஏன் இலாப நோக்கமில்லாமல்? நல்ல செய்தி என்றால் தானே விற்காதா?

யானைக்கால் நோய் மாத்திரை பற்றிய கட்டுரைக்குப் பக்கத்தில் எந்தக் கம்பெனி விளம்பரம் கொடுக்கும்? அந்த மாத்திரைகளையே தயாரிப்பாளர்கள் பெருமளவில் இலவசமாகத்தான் தருகிறார்கள். நோயாளிக்கு வாங்கும் சக்தி இல்லை. சந்தா கட்டிப் படிக்க அந்த மாவட்ட சுகாதார அதிகாரிக்கும் வசதி இல்லை. இதில் சந்தை வேலை செய்யாது.

காசு கொடுப்பவர் சொல்கிறபடிதானே எழுதுவார்கள்?

“இந்த வரியை மாற்று” என்று பொதுவாக யாரும் போன் போட்டுச் சொல்வதில்லை. செல்வாக்கு அந்த வழியாக வராது. பணம் பெயர் எழுதி வருகிறது: இது மலேரியாவுக்கு, இது ஊட்டச்சத்துக்கு, இது பருவநிலை மாற்றத்துக்கு. மலேரியாவுக்கு வந்த பணத்தில் மலேரியாவைப் பற்றி நேர்மையாகவே எழுதலாம், திட்டியும் எழுதலாம். ஆனால் பெயர் எழுதப்படாத நோய் பக்கத்தில் ஏறாது.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி வருஷத்துக்கு 81,000 முதல் 1,38,000 பேர் வரை சாகிறார்கள். பெரும்பாலும் கிராமத்து ஏழைகள். புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் அதற்கு உறுதியான இடம் கிடைத்ததே 2017இல்தான். பட்டியலில் இல்லை என்றால் நிதி இல்லை. நிதி இல்லை என்றால் நிருபரும் இல்லை. கொடையாளரின் கை தெரிவது எழுதிய கட்டுரையில் அல்ல, எழுதாமல் போன கட்டுரைகளில்.

சைடெவ்.நெட்டுக்கு ஆரம்ப காலத்தில் பணம் கொடுத்தவர்களில் பிரிட்டன், சுவீடன் அரசுகளின் உதவி நிறுவனங்களும் வளரும் நாட்டு ஆராய்ச்சிகளுக்கு நிதி தரும் கனடா அரசு அமைப்பான ஐடிஆர்சியும் உண்டு. ‘கார்டியன்’ நாளிதழ் உலக வளர்ச்சிக்கென்று 2010இல் திறந்த பகுதிக்கு கேட்ஸ் அறக்கட்டளை உதவுகிறது. இவை எதுவும் ரகசியம் இல்லை, அவர்களே அறிவித்திருக்கிறார்கள். ஒரு செய்தி நிறுவனத்தை நம்பலாமா என்று பார்க்க நான் முதலில் தேடுவது இந்தப் பட்டியலைத்தான். அது வெளிப்படையாக இல்லையென்றால் மேலே போவதில்லை. அப்புறம், ஒரே கொடையாளரின் தோளில் முழு வண்டியும் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று பார்க்கலாம்.

இதைவிட நல்ல சோதனை ஒன்று உண்டு: தங்களை வளர்த்தவர்களுக்கு எதிராக எப்போதாவது எழுதியிருக்கிறார்களா? காங்கோ ஜனநாயகக் குடியரசில் எபோலா பணிக்குப் போன உதவிப் பணியாளர்கள் மீது ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் சொன்ன பாலியல் சுரண்டல் புகார்களை 2020இல் வெளிக்கொண்டுவந்தது தி நியூ ஹியூமனிடேரியனும் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையும். புகாருக்கு ஆளானவர்களில் பலர் உலக சுகாதார நிறுவனத்தில் வேலை பார்ப்பதாகச் சொன்னவர்கள். அந்த நிறுவனம் அமைத்த தனி விசாரணைக் குழு 2021இல் கொடுத்த அறிக்கையில், குற்றம்சாட்டப்பட்ட 83 பேரை அடையாளம் கண்டு, அவர்களில் 21 பேர் அந்த நிறுவனத்தின் ஆட்கள் என்று சொன்னது. தி நியூ ஹியூமனிடேரியன் ஐநாவுக்குள் ஓர் அங்கமாகவே இருந்திருந்தால் அந்தச் செய்தி அச்சேறியிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

இது ‘வளர்ச்சி இதழியல்’தானே? அரசுத் திட்டங்களைப் புகழ்ந்து எழுதுவது?

பெயர் ஒட்டிக்கொண்டதால் வந்த வினை. 1960களில் மணிலாவில் ஆசியப் பத்திரிகை அறக்கட்டளையைச் சுற்றி இருந்தவர்கள் அந்தப் பெயரில் கேட்டது நல்ல விஷயம்: விளைச்சல், விலை, மக்கள்தொகை பற்றியும் அரசியல் செய்திக்குக் கொடுக்கிற அக்கறையோடு எழுதுங்கள் என்றார்கள். பின்னால் பல நாட்டு அரசுகள் அதைப் பிடித்துக்கொண்டு, “நாடு வளர்கிறது, குறை சொல்லாதே” என்பதற்குப் பெயராக்கிவிட்டன. இன்றைக்கு ஒரு அணையின் திறப்பு விழாவைப் பற்றி மட்டும் எழுதுவது செய்தி அல்ல, மக்கள் தொடர்பு வேலை. இங்கே பேசுவது அதை அல்ல.

ஒரு உதாரணம் சொல்லுங்களேன்.

எனக்கு எப்போதும் ஞாபகத்துக்கு வருவது ‘பிளேபம்ப்’ கதை.

குழந்தைகள் விளையாடும் ராட்டினம். அவர்கள் சுற்றச் சுற்ற நிலத்தடி நீர் உயரத்தில் இருக்கும் தொட்டிக்கு ஏறும். தொட்டியின் நாலு பக்கமும் பலகை: இரண்டில் விளம்பரம், இரண்டில் சுகாதாரச் செய்தி. விளம்பர வருமானத்தில் பராமரிப்புச் செலவு கழிந்துவிடும். தென்னாப்பிரிக்காவில் பிறந்த யோசனை. 2005இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ்ஸுக்காக ஏமி காஸ்டெல்லோ என்ற நிருபர் அதைப் படம் பிடித்தார். அழகான நிகழ்ச்சி, யாரும் பொய் சொல்லவில்லை. பம்பு புதிது, தண்ணீர் வந்தது, குழந்தைகள் உண்மையிலேயே சிரித்துக்கொண்டிருந்தார்கள். 2006 செப்டம்பரில் நியூயார்க்கில், கிளின்டன் அமைப்பின் கூட்டத்தில், அப்போதைய அதிபரின் மனைவி லாரா புஷ் இதற்கு 1 கோடியே 64 லட்சம் டாலர் அறிவித்தார். 2010க்குள் பத்து ஆப்பிரிக்க நாடுகளில் 4,000 பம்பு என்பது இலக்கு. ஒன்றின் விலை ஏறக்குறைய 14,000 டாலர், சாதாரணக் கைப்பம்பைப்போல நாலு மடங்கு.

இப்போது கால்குலேட்டரை எடுங்கள். ஒரு பம்பு 2,500 பேருக்குத் தண்ணீர் தரும் என்றார்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் 15 லிட்டர் என்று வைத்தால் மொத்தம் 37,500 லிட்டர். விடாமல் சுற்றினால் மணிக்கு 1,400 லிட்டர் ஏறும் என்பது அவர்களே சொன்ன கணக்கு. வகுத்துப் பாருங்கள்: குழந்தைகள் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 27 மணி நேரம் விளையாட வேண்டும்! ‘கார்டியன்’ இந்தக் கணக்கைப் போட்டது 2009இல். ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல். அறிவிப்பு வந்த அன்றைக்கே யாராலும் போட்டிருக்க முடியும்.

யுனிசெப் 2007லேயே தன் மதிப்பீட்டில் சிக்கல்களைச் சொல்லியிருந்தது. விளையாட்டு நேரம் முடிந்ததும் ராட்டினத்தைத் தள்ள வேண்டியது பெண்கள்தான். வயதானவர்களும் குனிந்து தள்ளினார்கள். ஆள் நடமாட்டமில்லாத கிராமத்தில் விளம்பரம் கொடுக்க யாரும் வரவில்லை. பழுதானால் சரிபார்க்க ஆளில்லை. 2010இல் காஸ்டெல்லோ மறுபடி ஆப்பிரிக்காவுக்கு, மொசாம்பிக்கிற்குப் போனார். தான் புகழ்ந்த அதே வகைப் பம்புகள் ஓடாமல் கிடப்பதைப் படம் பிடித்து ஒளிபரப்பினார். பணம் கொடுத்தவர்களில் ஒருவரான கேஸ் அறக்கட்டளை அந்த வருஷமே, எதிர்பார்த்தது நடக்கவில்லை என்று வெளிப்படையாக எழுதியது. பின்னர் காஸ்டெல்லோ தொண்டுப் பணம் எங்கே போகிறது என்பதை ஆராய்வதற்கென்றே இலாப நோக்கற்ற பாட்காஸ்ட் ஒன்றைத் தொடங்கினார்.

இந்தக் கதையில் என்னை உறுத்துவது பம்பு அல்ல. திரும்பிப் போவதற்கு ஐந்து வருஷம் ஆனது என்பதுதான். தொடக்க விழாவுக்கு நிருபரை விமானத்தில் ஏற்றிக் கூட்டிப்போக எல்லாத் திட்டத்திலும் காசு ஒதுக்கியிருக்கிறார்கள். மூன்று வருஷம் கழித்து அதே இடத்துக்குப் போக யார் பட்ஜெட்டிலும் ஒரு வரி இருக்காது. இலாபம் பார்க்காத செய்தி நிறுவனம் ஒன்று இருப்பதற்கு நியாயம் கேட்டால், அந்த இரண்டாவது பயணம்தான் என்பேன். அதையும் அது செய்யவில்லையென்றால், செய்திக்குறிப்பை இலவசமாகப் போடும் இன்னொரு இடம், அவ்வளவுதான்.

இப்படிக் குறைகளை எழுதினால் மக்களுக்கு அறிவியல் மீதே நம்பிக்கை போய்விடாதா?

இந்தக் கேள்வியைச் சுகாதாரத் துறையில் இருப்பவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். கவலை நியாயமானது. நைஜீரியாவின் கானோ மாநிலத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

2003இல் வடக்கு நைஜீரியாவில் சில மாநிலங்கள் போலியோ சொட்டு மருந்தை நிறுத்தின. அதில் மலட்டுத்தன்மை உண்டாக்கும் பொருள் கலந்திருக்கிறது என்று பேச்சு. கானோ மட்டும் 2004 ஜூலை வரை பிடிவாதமாக இருந்தது. அங்கிருந்து போன வைரஸ் சுமார் இருபது நாடுகளுக்குப் பரவி, 2005இல் இந்தோனேசியா வரைக்கும் போய்ச் சேர்ந்தது. வெளிநாட்டுச் செய்திகளில் பலவும் இதை வெறும் மூடநம்பிக்கை என்று எழுதிவிட்டு நகர்ந்தன.

ஆனால் கானோ மக்களுக்கு ஒரு பழைய கணக்கு இருந்தது. 1996இல் அங்கே மூளைக்காய்ச்சல் கொள்ளைநோயாகப் பரவியபோது, ஃபைசர் நிறுவனம் ட்ரோவான் என்ற புதிய மருந்தை அங்கே குழந்தைகளிடம் சோதித்தது. சுமார் 200 குழந்தைகள். பாதிப் பேருக்கு ட்ரோவான், பாதிப் பேருக்கு ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த மருந்து. 11 குழந்தைகள் இறந்தார்கள், ட்ரோவான் கொடுத்தவர்களில் 5, மற்ற பிரிவில் 6. பெற்றோரிடம் ஒழுங்காகச் சம்மதம் வாங்கினார்களா என்பது பெரிய சர்ச்சையானது. 2000 டிசம்பரில் ‘வாஷிங்டன் போஸ்ட்’ இதை வெளியிட்டது. இறப்புக்கு நோய்தான் காரணம், மருந்து அல்ல என்பது நிறுவனத்தின் வாதம். 2009இல் கானோ அரசோடு 7 கோடியே 50 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

சரி, அப்படியென்றால் அந்தச் சோதனையைப் பற்றி எழுதியதுதான் தப்பா? நான் அப்படி நினைக்கவில்லை. குழந்தைகள் இறந்ததைத் தெரிந்துகொள்ள கானோ மக்களுக்கு வாஷிங்டன் பத்திரிகை தேவைப்படவில்லை. தேவைப்பட்டது இன்னொன்று: அந்த மருந்து வேறு, இந்தச் சொட்டு மருந்து வேறு, இதை எங்கே எப்படிச் சோதித்தார்கள் என்று அவர்கள் மொழியில், அவர்கள் கேட்கிற வானொலியில், முன்பே அவர்கள் நம்பிக்கை வைத்த ஒரு குரல். கெட்ட செய்தியை ஒளித்தவர் சொல்லும் நல்ல செய்தி யார் காதிலும் ஏறாது. இயற்கையில் பரவும் போலியோ வைரஸ் ஆப்பிரிக்காவில் இல்லை என்று 2020 ஆகஸ்டில் அறிவிக்க முடிந்ததற்கு, நடுவில் வீடு வீடாகப் போய்ப் பேசியவர்களும் உள்ளூர்த் தலைவர்களும் ஒரு காரணம்.

எண்களை எப்படி எழுதுவது?

யாருக்கு, எத்தனை பேரில், எத்தனை காலத்தில். மூன்றும் இல்லாத எண்ணை எழுதவே வேண்டாம்.

பிலிப்பைன்ஸில் 2016இல் டெங்குவாக்சியா என்ற டெங்குத் தடுப்பூசியை எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் போட்டார்கள். 2017 நவம்பரில் தயாரிப்பாளரான சனோஃபி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: இதுவரை டெங்குவே வராதவர்களுக்கு இந்த ஊசி போட்டால், பின்னால் டெங்கு வரும்போது அது கடுமையாகும் வாய்ப்பு கூடுதல். உலக சுகாதார நிறுவனம் கொடுத்த கணக்கு இது, ஐந்து வருஷத்துக்கு. ஏற்கெனவே ஒருமுறை டெங்கு வந்தவர்கள் ஆயிரம் பேருக்குப் போட்டால், மருத்துவமனையில் சேர வேண்டியவர்களில் 15 பேரும், கடுமையான டெங்கு வரக்கூடியவர்களில் 4 பேரும் தப்பிப்பார்கள். டெங்கு வராதவர்கள் ஆயிரம் பேருக்குப் போட்டால், மருத்துவமனைக்குப் போகிறவர்கள் 5 பேரும், கடுமையான டெங்கு வருபவர்கள் 2 பேரும் கூடுவார்கள்.

இந்த நாலு எண்களை ஒரே பத்தியில் போட்டிருந்தால், ஒரு தாய் தன் குழந்தையைப் பற்றி நிதானமாக யோசித்திருக்கலாம். “ஊசி கொல்கிறது” என்ற தலைப்பில் அதற்கு வழியில்லை. “பெரும்பாலோருக்கு நன்மையே” என்ற அதிகாரியின் அறிக்கையிலும் இல்லை. ஏனென்றால் ஊசி போடும் முன் யாருக்கும் ரத்தப் பரிசோதனை செய்யவில்லை. தன் பிள்ளை எந்த ஆயிரத்தில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. உண்மையான செய்தி அங்கேதான் இருந்தது. அதன் பிறகு மற்றத் தடுப்பூசிகள் மீதும் அங்கே நம்பிக்கை சரிந்தது. 2019இல் தட்டம்மை பெரிதாகப் பரவியது.

ஒரே ஓர் ஆய்வை வைத்துச் செய்தி எழுதலாமா?

எழுதலாம், அது எவ்வளவு காலம் பார்த்தது என்பதையும் சேர்த்து எழுதினால். ஒடிசாவில் புகையைக் குறைக்கும் அடுப்புகளை வீடுகளுக்குக் கொடுத்து, எஸ்தர் டுஃப்லோ, ரீமா ஹன்னா, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகிய பொருளாதார அறிஞர்கள் நாலு வருஷம் வரை தொடர்ந்து பார்த்தார்கள். முதல் வருஷம் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. அப்புறம் அந்தப் பலன் கரைந்துபோனது, அடுப்பை ஒழுங்காகப் பராமரிக்கவில்லை, பயன்பாடும் குறைந்தது. பன்னிரண்டு மாதத்தோடு ஆய்வை முடித்திருந்தால் அது வெற்றிக் கதை.

செய்திக்குறிப்பை அப்படியே போட்டால் என்ன? எல்லாம் அதில் இருக்கிறதே.

எல்லாம் அதில் இருக்காது. கண்டுபிடித்த பல்கலைக்கழகம் தன்னைப் பற்றித் தானே எழுதியது அது. தவிர, பெரிய ஆய்விதழ்கள் கட்டுரையைச் சில நாள் முன்பே நிருபர்களுக்குக் கொடுத்து, இத்தனை மணிக்கு முன் வெளியிடக் கூடாது என்று நிபந்தனை போடும். எம்பார்கோ என்பார்கள். எல்லோரும் ஒரே நிமிஷத்தில் வெளியிட வேண்டும் என்பதால் எல்லோரும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள். அந்த நேரமும் அமெரிக்க, ஐரோப்பியக் கடிகாரத்துக்கு ஏற்றபடிதான். பணக்கார நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குச் செய்திக்குறிப்பு எழுதத் தனி அலுவலகமே உண்டு. ஏழை நாட்டு ஆய்வகத்தில் நல்ல வேலை நடந்தாலும் அதைச் சொல்ல ஆளில்லை. ஆகவே இந்தத் துறையில் பாதிச் செய்தி, குறிப்பு வராத இடத்தில்தான் கிடக்கிறது. ஆய்வுக் கட்டுரையில் கடைசி வரிசையில் பெயர் வந்திருக்கும் உள்ளூர் ஆராய்ச்சியாளருக்கு ஒரு போன் போடுங்கள். களத்தில் நின்றவர் பெரும்பாலும் அவர்தான்.

அறிவியல் பட்டம் வேண்டுமா?

வேண்டாம். புள்ளியியல் அடிப்படை தெரிந்தால் போதும். “எனக்குப் புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்” என்று கூச்சமில்லாமல் கேட்கத் தெரிந்தால் அதைவிட நல்லது.

எடிட்டருக்கு ஸ்டோரி ஐடியா அனுப்புவது எப்படி?

தலைப்பை அனுப்பாதீர்கள், கேள்வியை அனுப்புங்கள். “வங்கதேசத்தில் குடிநீரில் கலக்கும் ஆர்சனிக் நச்சுப் பிரச்சினை பற்றி எழுத விரும்புகிறேன்” என்று எழுதினால் பதிலே வராது. இதையே இப்படி அனுப்பிப் பாருங்கள்:

“2000களின் தொடக்கத்தில் வங்கதேசத்தில் சுமார் 50 லட்சம் குழாய்க் கிணறுகளைச் சோதித்து, ஆர்சனிக் அதிகமிருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை என்று பெயின்ட் அடித்தார்கள். அந்தப் பெயின்ட் உதிர்ந்துவிட்ட கிராமத்தில், எந்தக் கிணற்றில் குடிக்கலாம் என்று மக்கள் இன்று எப்படி முடிவு செய்கிறார்கள்? அரசின் வரம்பு லிட்டருக்கு 50 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 10. இடையில் விழும் கிணறுகளுக்கு என்ன நிறம்? ஒரு கிணற்றுக்காரர், பரிசோதனை செய்யும் இளைஞர், பொதுச் சுகாதாரப் பொறியாளர், இந்தத் திட்டத்தில் சம்பந்தப்படாத ஒரு நச்சியல் நிபுணர் ஆகியோரிடம் பேசுவேன். பயணச் செலவு இவ்வளவு, இந்தத் தேதியில் தருகிறேன்.”

எடிட்டர் தேடுவது எல்லாம் இதில் இருக்கிறது. சம்பந்தப்படாத நிபுணர் என்ற வார்த்தையைப் பார்த்ததுமே பாதி எடிட்டர்கள் சம்மதித்துவிடுவார்கள். பணம் எவ்வளவு, எப்போது என்பதைத் தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல காரியத்துக்காக நடக்கும் நிறுவனம் என்பதால் தாமதமாகக் கொடுக்கலாம் என்று சட்டம் இல்லை.

பயிற்சிப் பட்டறைக்குப் போனால் பயணப்படி கொடுக்கிறார்கள். வாங்கலாமா?

பஸ், ரயில் டிக்கெட்டும் தங்குமிடமும் ஏற்கலாம், கட்டுரையில் அதைச் சொல்லிவிட வேண்டும். பேனா, நோட்டோடு சேர்த்துக் கொடுக்கிற, காசு வைத்த கவர் வேறு விஷயம். பல நாடுகளில் நிருபரின் சம்பளமே அந்தக் கவர்தான் என்கிற நிலை இருக்கிறது. வாங்குபவரைத் திட்டுவது சுலபம். சம்பளம் கொடுக்காத முதலாளியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

விஞ்ஞானி, வெளியிடும் முன் கட்டுரையைக் காட்டச் சொல்கிறார். காட்டலாமா?

முழுக் கட்டுரையை வேண்டாம். அவர் சொன்ன மேற்கோளையும், தொழில்நுட்ப விளக்கம் உள்ள பத்தியையும் படித்துக் காட்டித் தவறு இருக்கிறதா என்று கேட்கலாம். எண்ணைத் திருத்தினால் எடுத்துக்கொள்ளுங்கள். “இந்த விமர்சகரின் கருத்தை எடுத்துவிடுங்கள்” என்றால் நன்றி சொல்லிவிட்டு வையுங்கள்.

இந்த நிறுவனங்கள் தாக்குப்பிடிக்குமா?

2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது. ஜூலை 1ஆம் தேதி, அந்த உதவியை வழங்கிவந்த யுஎஸ்எய்ட் அமைப்பே அதிகாரப்பூர்வமாக மூடப்பட்டது. அந்தப் பணத்தைப் பெரிதும் நம்பியிருந்த இன்டர்நியூஸ் போன்ற அமைப்புகளும், அவை தாங்கிப் பிடித்திருந்த சின்னச் சின்னச் செய்தியகங்களும் ஆடிப்போயின. பிரிட்டன் தன் உதவியைத் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்திலிருந்து 2021இல் 0.5க்கு இறக்கியது, 2027இல் 0.3 ஆக்கப்போவதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தது. தனியார் அறக்கட்டளைகள் இந்தப் பள்ளத்தை நிரப்பும் என்று சொல்கிறார்கள். கொஞ்சம் நிரப்பலாம். ஆனால் கொடையாளர்கள் குறையக் குறைய, மேலே சொன்ன பெயர் எழுதிய பணத்தின் பிடி இறுகும். வாசகர்கள் கொடுக்கும் சிறு தொகையில் பருவநிலைச் செய்திகள் ஓரளவு ஓடலாம். யானைக்கால் நோய்க்கு அது நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களும் உள்ளூர்ப் பணக்காரர்களும் இன்னும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை.

இவர்களுடைய கட்டுரைகளை எங்கள் பத்திரிகையில் எடுத்துப் போடலாமா?

பெரும்பாலும் போடலாம், இலவசமாக. சைடெவ்.நெட்டும் தி கான்வர்சேஷனும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடுகின்றன. எழுதியவர் பெயரும் மூல நிறுவனத்தின் பெயரும் இணைப்பும் இருக்க வேண்டும். உரிமத்தில் பல வகை உண்டு. சிலது மாற்றாமல் போடச் சொல்லும், சிலது சுருக்க அனுமதிக்கும். பக்கத்தின் அடியில் இருப்பதைப் படித்துவிடுங்கள். மொழிபெயர்ப்பதாக இருந்தால் ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்பது நல்லது, பொதுவாக மறுக்க மாட்டார்கள். படங்கள் பல நேரம் வேறு ஏஜென்சியிடம் வாங்கியவை, அந்த உரிமத்தில் அடங்காது. மூலக் கட்டுரையில் பின்னால் திருத்தம் போட்டால் உங்கள் பிரதியிலும் போட வேண்டும்; அதை யாரும் உங்களுக்கு ஞாபகப்படுத்த மாட்டார்கள்.